கேள்வி – பதில்: பழகாத டச் ஸ்கிரீன்

கேள்வி: புதுக் காரில் ஏசியைக் குறைப்பதற்குக்கூட டச் ஸ்கிரீனைத் தடவ வேண்டியிருக்கிறது. "போகப் போகப் பழகிடும்ப்பா" என்கிறான் மகன். மாதங்கள் ஓடிவிட்டன, பழகிய பாடில்லை. வயசுக் கோளாறா, வண்டிக் கோளாறா?

பதில்: வண்டிக் கோளாறுதான். மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கை பழக வேண்டுமானால் கையில் ஏதாவது தட்டுப்பட வேண்டும். குமிழ் என்றால் பார்க்காமலே பிடித்துவிடலாம். எத்தனை படி திரும்பியது என்பது விரலுக்கே தெரியும். திரையோ எல்லா இடத்திலும் ஒரே வழவழப்பு. பார்த்துத் தொட வேண்டும், வேலை நடந்ததா என்று மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் வந்தால் போச்சு. என் வண்டியில் ஃபேனைக் கூட்டப் போகும் விரல் குலுங்கி, பக்கத்தில் இருக்கும் பாட்டை மாற்றிவிடும். வண்டியிலிருக்கும் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள்!

ஸ்வீடனின் 'வி பில்அகாரே' கார் பத்திரிகை 2022-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ரேடியோ, சூடு, விளக்கு வெளிச்சம் போன்ற நாலு சில்லறை வேலைகள். வேகம் மணிக்கு 110 கி.மீ. பட்டன்கள் வைத்த 2005 வால்வோ வி70-ல் பத்தே விநாடியில் முடிந்தது. திரையை நம்பிய புதுக் கார்களில் கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர், 44.6 விநாடி எடுத்துக்கொண்டது. அதற்குள் வண்டி ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரம் கொடுத்திருந்தார்கள்.

கம்பெனிகளுக்கு இதில் லாபம். ஒவ்வொரு பட்டனுக்கும் அச்சு, ஒயர் என்று செலவழிப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் தள்ளிவிடுவது மலிவு. அதையே 'நவீனம்' என்று நம் தலையில் கட்டுகிறார்கள். ரிவர்ஸ் கேமராவுக்கும் மேப்புக்கும் திரை வேண்டும்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. வைப்பரைக் கொண்டுபோய் மெனுவுக்குள் ஒளித்து வைப்பதுதான் அநியாயம்.

இப்போது காற்று கொஞ்சம் திசை மாறுகிறது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

சரி, வாங்கிய வண்டிக்கு என்ன வழி? கிளம்பும் முன்பே ஏசியை ஆட்டோவில் போட்டுவிடுங்கள். சில கார்களில் ஸ்டீயரிங்கில் உள்ள ஒரு பட்டனுக்கு நமக்கு வேண்டிய வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த வசதி உங்கள் வண்டியில் உண்டா என்று கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் திறக்காத பக்கத்தில்தான் போட்டிருப்பார்கள்.