3,000 ரூபாயில் வண்ணக் கண்ணாடி மொசைக் செய்ய முடியுமா?

கேள்வி: எங்கள் பூஜை அறைக் கதவில் வெறும் கண்ணாடி போட்டிருக்கிறோம். அதன்மேல் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தாமரை ஒன்று செய்ய ஆசை. முன் அனுபவம் இல்லை. 3,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஒரு பயிற்சி வகுப்பில் கிட்டோடு சேர்த்து 7,500 கேட்கிறார்கள். அது இல்லாமல் தொடங்க வழி உண்டா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: உண்டு. அந்தக் கிட்டை வாங்காதீர்கள். தேவாலய ஜன்னல்களில் ஈயப் பட்டை வைத்துப் பற்றவைக்கிறார்களே, அது வேறு வேலை. நீங்கள் கேட்பது துண்டுகளை ஒட்டி, இடைவெளியில் க்ரௌட் என்ற சிமெண்ட் பூச்சைப் பூசுவது. ஈயமும் சால்டரிங்கும் இல்லாததால் உங்கள் பணம் போதும்.

இத்தகைய கிட்டுகளில் பெரும்பாலும் என்ன இருக்கும்? வெட்டி வைத்த சதுரத் துண்டுகள், சின்ன பாட்டில் பசை, ஓர் இடுக்கி. துண்டுகள் தீர்ந்ததும் அதே ஆளிடம் கிராம் கணக்கில் வாங்க வேண்டும். வெட்டக் கற்றுக்கொடுத்தால் வியாபாரம் போய்விடும், அதனால் கற்றுக்கொடுப்பதில்லை. ‘இறக்குமதிச் சரக்கு’ என்று சொல்லி விலையை ஏற்றுவது தனிக் கதை.

பணத்தை முதலில் கருவியில் போடுங்கள். எண்ணெய் ஊற்றும் கண்ணாடிக் கட்டர், இரண்டு சக்கரம் வைத்த நிப்பர் (கண்ணாடியைக் கடித்து நறுக்கும் குறடு), கண்ணில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடி. மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம், மற்றதெல்லாம் அப்புறம். கட்டரில் தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே இழுப்பாகக் கீற வேண்டும். இழை அறாமல் ‘சர்ர்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் சரி. கோட்டோரம் வெள்ளைத் தூளும் செதிலும் எழுந்தால் அழுத்தம் அதிகம். கோடு சரியில்லை என்று அதன்மேலேயே மறுபடி ஓட்டினால் சக்கரம் மழுங்கும், கண்ணாடியும் கோட்டை மதிக்காமல் உடையும். தாமரை இதழை ஒரே துண்டாக வெட்டப் பார்க்காமல் மூன்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குப் பாரிமுனை பக்கம் தேவராஜ முதலி தெருவுக்குப் போங்கள். வண்ணக் கண்ணாடியில் வெட்டி மிஞ்சியது இருக்கிறதா என்று கேளுங்கள். முழு ஷீட்தான் தருவோம் என்பார்கள், அல்லது “ஆர்க்கிடெக்ட் யார்?” என்பார்கள். கமிஷன் யாருக்குப் போகும் என்று தெரியாமல் விலையே சொல்ல வராது சிலருக்கு. அரிசிக் கடையில்கூட விலைப் பலகை தொங்குகிறது. இங்கே முகத்தைப் பார்த்து விலை. அலையாமல் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் படம் காட்டும் தரகரிடம் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். படத்தில் எல்லாக் கண்ணாடியும் மின்னும்.

கடையில் இரண்டு ஏமாற்று உண்டு. ஒன்று லாக்கர் கண்ணாடி: சாதாரணக் கண்ணாடியின் முதுகில் பெயிண்ட் அடித்தது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். சிவப்பு என்று தருவதன் விளிம்பு வெளிர்பச்சையாக இருந்தால் நிறம் மேலோடு சரி. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்தும் பார்க்கலாம். கதவில் அதை ஒட்டினால் வெளிச்சமும் வராது. இன்னொன்று டஃபண்ட் கண்ணாடி: சூடாக்கிக் கடினமாக்கியது. அதைக் கட்டரால் வெட்டவே முடியாது. மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறும். பெரும்பாலும் மூலையில் முத்திரை இருக்கும்.

இனிப் பசை. மரப் பலகையிலோ மண் தொட்டியிலோ ஒட்டுவதாக இருந்தால், வீட்டுக்குள் ஈரம் படாதவரை, தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். ஆனால் உங்களுடையது கண்ணாடிமேல் கண்ணாடி. அங்கே வெள்ளைப் பசை கூடாது. அந்தப் பசை காய்வது அதிலுள்ள நீர் வெளியேறுவதால். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மாட்டிய நீர் எங்கே போகும்? ஓரம் மட்டும் காயும், நடுவில் பால் போல் வெளுத்தே கிடக்கும். காய்ந்த பகுதியும் சென்னை ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் மறுபடி வெளுக்கும், இளகும். “எல்லாவற்றுக்கும் இதுவே போதும்” என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். நிறமில்லாத சிலிக்கோன் கேளுங்கள், மீன்தொட்டிக்குப் போடுவது. காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகும். நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. துண்டின் பின்புறம் மெல்லியதாக, முழுப் பரப்பிலும் தடவுங்கள். நடுவில் ஒரு பொட்டு வைத்து அழுத்தினால் வெளிச்சத்தில் அந்தப் பொட்டுதான் தெரியும்.

கதவிலேயே ஒட்டாதீர்கள், செங்குத்தில் துண்டுகள் வழுக்கும். அதே அளவில் 4 மி.மீ. வெறும் கண்ணாடி வாங்கி, மேஜைமேல் படுக்கவைத்துச் செய்து முடித்தபின், தச்சரை பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டி) அடித்துப் பொருத்தச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் ஒரு ஜாண் கண்ணாடியில் ஒற்றை இதழ் செய்து பாருங்கள்.

துண்டுகளுக்கு நடுவே 2 மி.மீ. விடுங்கள். ஒட்டி இரண்டு நாள் கழித்து மணல் கலக்காத க்ரௌட். வெள்ளை வேண்டாம், நிறங்களை வெளிற அடிக்கும். கரும்சாம்பல் எடுப்பாக இருக்கும். கலக்கும்போது முகக்கவசம், கையுறை. கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினால் குழாயில் சிமெண்ட் இறுகி, அடுக்குமாடிச் சங்கம் பிளம்பர் கூலியை உங்கள் தலையில் கட்டும். வாளியிலேயே ஓர் இரவு விடுங்கள். அடியில் படிந்த கட்டியைக் குப்பையில் போடுங்கள்; மேல் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் இருக்கும், தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.