ஸ்காட்லாந்துக்காரருக்கு மட்டும் ஏன் கூடுதல் பணம்?

கேள்வி: பிரிட்டன் முழுக்க ஒரே என்ஹெச்எஸ்தானே (அரசின் பொது மருத்துவச் சேவை)? ஸ்காட்லாந்தில் மட்டும் ஏன் ஆளுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள்? இங்கிலாந்துக்காரர்கள் ஏமாளிகளா?

முதலில், அது ஒரே என்ஹெச்எஸ் இல்லை. 1948 ஜூலை 5 அன்று எல்லா இடத்திலும் ஒன்றாகத் தொடங்கினாலும், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் அன்றைக்கே தனித்தனிச் சட்டம் இருந்தது.

நான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சில வருடங்கள் இருந்துவிட்டு லண்டன் பக்கம் வந்தவன். ஸ்காட்லாந்தில் மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் மருந்து வரும், காசுப் பேச்சே கிடையாது. 2011 முதல் அப்படித்தான். இங்கிலாந்தில் 2024 நிலவரப்படி ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. இதை அலுவலகத்தில் சொன்னால் போதும், "எல்லாம் எங்கள் வரிப்பணம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் என்று பலருக்கு விலக்கு இருப்பதால், இங்கிலாந்திலும் பத்தில் ஒன்பது மருந்துகள் இலவசமாகத்தான் போகின்றன.

பெரிய பணம் பார்னெட் சூத்திரத்தில் இருக்கிறது. 1970களின் கடைசியில் கருவூல அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் தற்காலிகமாகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் தொகை ஏறினால், அந்த ஏற்றத்தில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு ஸ்காட்லாந்துக்குப் போகும். ஏற்கெனவே கொடுத்துவருவதைத் தொடமாட்டார்கள். அதனால் ஸ்காட்லாந்துக்கு அந்தக் காலத்திலேயே ஆளுக்கு அதிகமாகப் போய்க்கொண்டிருந்த தொகை அப்படியே நிலைத்துவிட்டது. யாருக்கு நோய் அதிகம், எங்கே முதியவர்கள் அதிகம் என்று இந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. பின்னாளில் பார்னெட்டே இதைத் தூக்கிப்போடச் சொன்னார்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதிதாக வருவது இரண்டு பக்கமும் ஆளுக்கு ஏறக்குறைய ஒரே தொகை என்பதால், காலப்போக்கில் இடைவெளி சதவீதத்தில் சுருங்கும். தவிர, வரும் பணத்தை மருத்துவத்துக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசுக்கு இல்லை. 1999-2000இல் ஸ்காட்லாந்தின் தலைக்கான சுகாதாரச் செலவு இங்கிலாந்தைவிட 22 சதவீதம் அதிகம். 2019-20இல் அது வெறும் 3 சதவீதம். உங்கள் கேள்வி இருபது வருடம் பழசு என்றுகூடச் சொல்லலாம்.

மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் சிக்கலான சிகிச்சை என்றால் நோயாளியை அபர்டீனுக்கு விமானத்தில் அனுப்ப வேண்டும். சில ஆயிரம் பேருக்காகவும் மருத்துவமனை இரவுபகலாகத் திறந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவின் சராசரி ஆயுள் ஸ்காட்லாந்திலேயே மிகக் குறைவு.

இங்கிலாந்துக்குள்ளேயே ஒரு காலத்தில் இதைவிட மோசம். பெரிய போதனா மருத்துவமனைகள் எங்கே இருந்தனவோ, அங்கேதான் பணம் போயிற்று, அதாவது லண்டனுக்கு. 1976க்குப் பிறகுதான் தேவையைக் கணக்கிட்டுப் பங்கிடத் தொடங்கினார்கள்.

அப்புறம், பணம் அதிகம் என்றால் சேவையும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வட அயர்லாந்தில் ஆளுக்கு இங்கிலாந்தைவிட அதிகம் செலவாகிறது, ஆனால் காத்திருப்புப் பட்டியல் நான்கு நாடுகளிலும் மோசமானது அங்கேதான்.

என்னைக் கேட்டால் தேவையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வேல்ஸுக்கும், 2024 முதல் வட அயர்லாந்துக்கும் சூத்திரத்தில் தேவைக்கான திருத்தம் சேர்த்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்கு மட்டும் இல்லை. ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று கேட்ட 2014 பொதுவாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு பிரிட்டனின் மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் பார்னெட் சூத்திரம் தொடரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு அதில் கைவைக்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை.