முட்டுக் கொடுத்த இரண்டு வருடங்கள்

வணக்கம் சார்,

எனக்கு 22 வயது. என் முதல் வாக்கை ஒரு கட்சிக்குப் போட்டேன். எந்தக் கட்சி என்று எழுதவில்லை. எழுதினால் உங்கள் பதில் அந்தக் கட்சியைப் பற்றியதாகிவிடும். வீட்டில் யாரும் அந்தக் கட்சி கிடையாது. நானாகவே பேச்சுகளைக் கேட்டு, தேர்தல் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து எடுத்த முடிவு. மை வைத்த விரலை எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

வாக்குப் போட்டதோடு நான் நிற்கவில்லை. கட்சியின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்தேன். யார் குறை சொன்னாலும் தேடி எடுத்துப் பதில் போடுவேன். ஆரம்பத்தில் அந்தப் பதில்களை நானே நம்பினேன். அப்புறம், யாரைத் திட்டி வாக்குக் கேட்டார்களோ அவர்களோடு கூட்டணி வைத்தார்கள். “கூட்டணி தர்மம்” என்று எழுதினேன். ஊழல் வழக்கு உள்ள ஒருவரை எதிர் முகாமிலிருந்து அழைத்து வந்து பதவி கொடுத்தார்கள். “இன்னும் நிரூபணம் ஆகவில்லையே” என்று எழுதினேன். அறிக்கையில் நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த வாக்குறுதிக்கு நேர் எதிராக ஒரு முடிவு வந்தது. அன்றைக்குச் சொல்ல எதுவும் இல்லை. “அவர்கள் மட்டும் என்ன ஒழுங்கா?” என்று எழுதினேன்.

போன மாதம் குழுவில் மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்டேன். ஐந்து நிமிடத்தில் அட்மின் அதை நீக்கிவிட்டார். “தலைமைக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்றார் ஒருவர். “எவ்வளவு வாங்கினாய்?” என்று கேட்டார் இன்னொருவர். இரண்டு வருடமாக மற்றவர்களிடம் நான் கேட்டுவந்த கேள்வி அது.

இந்தச் சண்டைகளில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த நண்பன் ஒருவனை இழந்தேன். அவன் சொன்னதே சரி என்று ஆகிவிடுமோ என்பதுதான் அதிகம் உறுத்துகிறது. அடுத்த தேர்தலில் என்ன செய்வது? மற்ற கட்சிக்குப் போடுவதா, நோட்டாவா, போகாமலே இருந்துவிடுவதா? எல்லோரும் ஒன்றுதான் என்றால், நான் அவ்வளவு படித்து முடிவெடுத்ததற்கு என்ன அர்த்தம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

வாக்குப் போட்ட நாளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சில வரிகள்தான். மீதியெல்லாம் அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய பதில்களைப் பற்றி. வலி இருக்கும் இடமும் அதுதான் என்று நினைக்கிறேன். அறிக்கையை வாசித்து, யோசித்து, ஒரு கட்சியை நம்பி வாக்களித்தீர்கள். அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறுத்துவது அதற்குப் பின் வந்த இரண்டு வருடம்.

முட்டுக் கொடுப்பது என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நேராக நிற்கும் சுவருக்கு யாரும் முட்டுக் கொடுப்பதில்லை. சாய்கிற சுவருக்குத்தான் கொடுப்போம். தோளைக் கொடுத்த பிறகு ஒரு சிக்கல் வந்துவிடும். நகர முடியாது. நகர்ந்தால் சுவர் நம் மேலேயே விழும். நீங்கள் எழுதிய மூன்று பதில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். “கூட்டணி தர்மம்” என்பது ஒரு வாதம், பலவீனமானது என்றாலும். “நிரூபணம் ஆகவில்லை” என்பது ஒரு சாக்கு. “அவர்கள் மட்டும் ஒழுங்கா” என்று எழுதும்போது உங்கள் கட்சிக்கு ஆதரவாகச் சொல்ல எதுவுமே மிச்சமில்லை. சுவர் சாயச் சாய முட்டும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்சிக்காகப் பேசுவதாக நினைத்திருப்பீர்கள். பாதி, நேற்று நீங்களே எழுதியதைக் காப்பாற்றுவதற்காக இருந்திருக்கும்.

எனக்கு இது தெரியும். உங்கள் வயதில் எனக்கும் ஒரு கட்சி இருந்தது. நான் சுவர் எழுதுகிறவன். எழுத்து நன்றாக வரும் என்பதால் என்னிடம் தூரிகையைக் கொடுப்பார்கள். ஒரு நீளமான சுவரில் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் பெயரைப் போட்டு “ஒழிக” என்று எழுதினேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர் எங்கள் கூட்டணிக்கு வந்துவிட்டார். அதே சுவரில் அவரை வரவேற்று எழுத வேண்டும். சுண்ணாம்பு ஒரு கை அடித்தோம். காய்ந்ததும் பழைய எழுத்து கீழிருந்து மேலே வந்தது. இன்னொரு கை அடித்தோம். அப்போதும் “ஒழிக”வில் இருந்த ‘ழி’ மட்டும் மறையவில்லை. அந்த இடத்தில் விழும்படி அவர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி மூடினேன். கூட இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். அன்று எனக்கு வெட்கம் வரவில்லை, சாமர்த்தியமாகச் செய்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. வெட்கம் வர நான்கைந்து வருடம் ஆனது. உங்களுக்கு இரண்டே வருடத்தில் வந்துவிட்டது. அதை நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

பெரிய மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1914ல் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியில் பத்து லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். நாடாளுமன்றத்திலும் அதுதான் மிகப் பெரிய கட்சி. போரை எதிர்ப்பதாகப் பல வருடங்களாகச் சொல்லிவந்த கட்சி. அந்த ஜூலைக் கடைசியில்கூடப் போருக்கு எதிராகத் தெருவில் பேரணிகள் நடத்தியது. அடுத்த சில நாட்களில், போருக்கான கடன் நிதிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். 78 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹூகோ ஹாஸேவும் இருந்தார். மறுநாள் அவையில் எழுந்து, ஆபத்து வேளையில் நாட்டைக் கைவிட மாட்டோம் என்று கட்சியின் ஆதரவு அறிக்கையை வாசித்ததும் அதே ஹாஸேதான். முந்தின நாள் தான் எதிர்த்த ஒன்றைத் தன் வாயாலேயே வாசித்தார். கட்சிக் கட்டுப்பாடு.

அந்த 14 பேரில் கார்ல் லீப்னெக்டும் ஒருவர். அவரும் ஆகஸ்ட் 4ஆம் தேதி கட்சியோடு சேர்ந்து ஆதரித்தே வாக்களித்தார். டிசம்பர் 2ஆம் தேதி இரண்டாவது கடன் நிதி அவைக்கு வந்தபோது மட்டும் அவரால் முடியவில்லை. அவையிலேயே அவர் ஒருவர்தான் எதிர்த்து வாக்களித்தார். அடுத்த டிசம்பரில் அந்தக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் 20 பேர் ஆகிவிட்டார்கள். லீப்னெக்ட் என்றாலே பலரும் அந்த டிசம்பரைத்தான் நினைப்பார்கள். நான் அதற்கு முந்தைய நான்கு மாதங்களை நினைத்துக்கொள்வேன். தவறு என்று தெரிந்தே கை தூக்கிய ஒருவர் அதிலிருந்து மீண்டு வர எடுத்துக்கொண்ட காலம் அது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். அவர்கள் மக்கள் பிரதிநிதிகள், கட்சிக்குக் கட்டுப்பட்டவர்கள். நம் நாட்டில் 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி கொறடாவின், அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவரின், உத்தரவை மீறி வாக்களிக்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழக்கலாம். கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால்தான் தப்பிக்கலாம். ஆகவே ஒரு எம்எல்ஏ மனதுக்குப் பிடிக்காததற்குக் கை தூக்கினால் அவருக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது? எந்தக் கொறடாவும் வாக்காளருக்கு உத்தரவு போட முடியாது. சம்பளம் இல்லை, பதவி இல்லை, பறிபோக ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் எம்எல்ஏவை விடக் கட்டுப்பாடாக நடந்துகொண்டோம், நீங்களும் நானும். இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இந்த ஜனநாயகத்தில் முழுச் சுதந்திரத்தோடு வைக்கப்பட்டவர் வாக்காளர் ஒருவர்தான். அவரே தனக்கு ஒரு கொறடாவை நியமித்துக்கொண்டால் தலைமையைக் கேள்வி கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

சரி, அடுத்த தேர்தல். யாருக்குப் போடுவது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தேர்தல் அறிக்கையை மறுபடி எடுங்கள். எந்த வரிகளை அடிக்கோடிட்டீர்கள்? நீங்கள் வாக்களித்ததற்கான காரணங்கள் அந்த வரிகள். அவை உங்களுடையவை, கட்சி உங்களுக்குக் கொடுத்தவை இல்லை. அந்த வரிகள் வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தோன்றியதால்தானே கோடு போட்டீர்கள்? கட்சி மாறினாலும் அந்தக் காரணங்கள் செத்துப்போகவில்லை. இன்றைக்கு அவற்றுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், உங்கள் தொகுதியில் நிற்கும் வேட்பாளர் யார், அவருடைய பிரமாணப் பத்திரத்தில் என்னென்ன வழக்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். பார்த்த பிறகும் பழைய கட்சியே பரவாயில்லை என்று தோன்றினால் அதற்கே போடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் போட்ட மறுநாளிலிருந்து முட்டுக் கொடுக்காதீர்கள்.

1925ல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்தபோது பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் வைக்கத்தில் சிறைக்குப் போயிருந்தார். கட்சிக்காக அவ்வளவு செய்திருக்கிறோமே என்று அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. எந்தக் காரணத்துக்காக உள்ளே இருந்தாரோ அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய கொள்கையை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். வெளியேறிய விதம் கற்றுக்கொள்ள வேண்டியது.

நோட்டாவைப் பற்றிக் கேட்டீர்கள். 2013ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்த உரிமை அது. யாரும் பிடிக்கவில்லை என்பதை ரகசியமாகப் பதிவு செய்ய உதவும். அதற்கு மேல் அதற்கு வலு இல்லை. நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும், சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அடுத்தபடியாக அதிக வாக்கு வாங்கியவரே ஜெயித்தவர். போகாமல் இருப்பதை விட நோட்டா மேல். வாக்காளர் நினைவில் வைத்திருந்து கொடுக்கும் தண்டனை அதை விடப் பெரியது. பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சி வேட்பாளர்கள் 2010 தேர்தலுக்கு முன், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று மாணவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கூட்டணி ஆட்சியில் பங்கு கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே கட்டண உச்சவரம்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்கும் முடிவை அவர்களில் பலர் ஆதரித்தார்கள். 2012ல் கட்சித் தலைவர் மன்னிப்புக் கேட்டார், அதுவும் அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுத்ததற்காக. 2010ல் அவர்களுக்கு 57 இடங்கள். 2015ல் 8.

“எல்லோரும் ஒன்றுதான்” என்ற வரிதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது. அந்த ஜெர்மன் கட்சிக்கே திரும்பி வருகிறேன். ராபர்ட் மைக்கேல்ஸ் என்று ஓர் இளைஞர் அதில் சில வருடங்கள் இருந்து, மனம் கசந்து 1907ல் வெளியேறினார். 1911ல் ஒரு நூல் எழுதினார். எவ்வளவு ஜனநாயகம் பேசும் கட்சியும் நாளடைவில் மேலே இருக்கும் ஒரு சிலரின் கைக்குப் போய்விடும் என்பது அதன் சாரம். இன்றைக்குப் படித்தாலும் நம் கட்சிகளைப் பார்த்து எழுதியது போல இருக்கும். அவ்வளவு கூர்மையான பார்வை. ஆனால் எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்ற இடத்திலேயே அவர் தங்கிவிட்டார். அங்கிருந்து, கட்சி எந்திரத்தைத் தாண்டி மக்களை நேரடியாக ஈர்க்கும் ஒரு பெருந்தலைவனைத் தேடினார். 1920களில் முசோலினியின் கட்சியில் சேர்ந்தார். கட்சித் தலைமைகளை அப்படித் தோலுரித்த மனிதர் கடைசியில் கேள்வியே கேட்க முடியாத ஒரு தலைவரிடம் போய் நின்றார். எல்லோரும் திருடர்கள் என்று சொல்கிறவர்கள் வெகுநாள் சும்மா இருப்பதில்லை. திருடாத ஒரே ஒருவர் என்று யாராவது வந்து நிற்பார், அவருக்கு இதை விட ஆழமாக முட்டுக் கொடுப்பார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எல்லோரும் ஒன்று இல்லை. ஒரு தொகுதியிலேயே இரண்டு வேட்பாளர்களுக்குள் எவ்வளவோ வித்தியாசம் இருக்கும். அதைப் பார்க்கிற கண் உங்களிடம் இருக்கிறது. மொத்த அறிக்கையையும் வாசிக்கிற பொறுமை இங்கே எத்தனை பேருக்கு உண்டு?

அப்புறம் அந்த நண்பன். அவன் சொன்னது சரியாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். சில விஷயங்களில் சரியாக இருந்திருப்பான், சிலவற்றில் அவனும் தன் கட்சிக்கு முட்டுக் கொடுத்திருப்பான். பெரியாரும் ராஜாஜியும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்கலங்கினார். கடைசி வரை அவர்கள் கருத்து ஒன்றாகவில்லை. நட்புக்கு அது தேவைப்படவும் இல்லை.

“எவ்வளவு வாங்கினாய்” என்று நீங்கள் கேட்டவர்களில் அவனும் ஒருவனா? இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். கட்சியைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். அன்றைக்கு அப்படிக் கேட்டது தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் எழுதாதீர்கள், போன் செய்யுங்கள். குரல் கேட்க வேண்டும்.

அன்புடன்.