எலக்ட்ரோலைட் பேட்டன்ட்டுக்கு எஃப்இஆர் வந்திருச்சா? முதல்ல உங்க டேட்டா டேபிளைத் திறங்க

தேவகோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "வணக்கம்ணே. எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு சின்னதா பேட்டரி பேக் யூனிட் வச்சிருக்கேன். சிலிக்கான் கலந்த கிராஃபைட் ஆனோடு (நெகட்டிவ் முனை) செல்லுக்குன்னு ஒரு எலக்ட்ரோலைட் (செல்லுக்குள்ள லித்தியம் அயனியக் கடத்துற திரவம்) பண்ணி, அதுல எஃப்இசியும் (ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட்) டிஎஃப்ஓபி உப்பும் (ஃப்ளூரின் இருக்கிற ஒரு லித்தியம் போரேட்) சேர்த்து பேட்டன்ட் போட்டேன். எஃப்இஆர் (பேட்டன்ட் ஆபீஸோட முதல் பரிசோதனை அறிக்கை) வந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. டி1, டி2-ன்னு ரெண்டு பழைய டாக்குமெண்ட்டக் காட்டி, டி1-ல எஃப்இசி இருக்கு, டி2-ல டிஎஃப்ஓபி இருக்கு, ரெண்டையும் சேர்க்கிறது யாருக்கும் தோணும், அதோட இது வெறும் கலவை, பேட்டன்ட் சட்டம் 3(இ) பிரிவுல அடிபடும்னு எழுதியிருக்காங்க. ஃபைல் பண்ணினதுக்கு அப்புறம் எடுத்த நல்ல ரிசல்ட் கையில நிறைய இருக்கு, மூணாவதா ஒரு ஆடிட்டிவ் சேர்த்தும் பார்த்திருக்கேன். எல்லாத்தையும் உள்ள சேர்த்து பதில் கொடுத்துறலாமா, இல்ல இத விட்டுட்டு புதுசா போடணுமா?"

தம்பி, விடவும் வேணாம், எல்லாத்தையும் உள்ள திணிக்கவும் வேணாம். எஃப்இஆர்ங்கறது ரிஜெக்ஷன் கிடையாது, எக்ஸாமினர் கேட்கிற முதல் சுத்து கேள்வி, அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி கேஸ்ல எஃப்இஆர்ல அப்ஜெக்ஷனே இல்லாம வந்தாத்தான் அதிசயம். எஃப்இஆர் தேதியில இருந்து 6 மாசத்துக்குள்ள பதில் போகணும், முடியலன்னா அந்த 6 மாசம் முடியறதுக்கு முன்னாடியே ஃபார்ம் 4 போட்டு இன்னும் 3 மாசம் வாங்கலாம், அதுக்கும் பதில் போகலன்னா அப்ளிகேஷன கைவிட்டதாவே எடுத்துப்பாங்க. கிண்டியில இருக்கிற சென்னை பேட்டன்ட் ஆபீஸ்தான் நம்ம ஏரியாவுக்கு, ஆனா அங்க நேர்ல போக வேண்டிய வேலை எதுவும் இல்ல, ஃபைலிங் ஆன்லைன், ஹியரிங்கும் வீடியோ கால்லதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். லித்தியம் எலக்ட்ரோலைட்ல புதுசா ஒரு சேர்மத்தையே கண்டுபிடிக்கிறவங்க இருக்காங்க, 2007-ல ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெப்னர் மூணு பேரும் வெளியிட்ட அந்த கார்னெட் திட எலக்ட்ரோலைட் மாதிரி. அந்த ஜாதி கண்டுபிடிப்புன்னா 3(இ) பேச்சே வராது. நீங்க பண்ணியிருக்கிறது தெரிஞ்ச சரக்க தெரிஞ்ச சரக்கோட சேர்த்தது. எத்திலீன் கார்பனேட், எத்தில் மெத்தில் கார்பனேட், அதுல 1 மோலார் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட்... இந்த பேஸ் ரொம்ப வருஷமா எல்லாரும் ஊத்துறதுதான், அதப் பத்தி பதில்ல ஒரு வரி கூட வாதாட வேணாம், வாதாடினா எக்ஸாமினருக்கு சிரிப்புதான் வரும். எஃப்இசி சிலிக்கானுக்கு நல்லதுங்கறதும் ஊரறிஞ்சது. சிலிக்கான் லித்தியத்த உறிஞ்சும்போது கிட்டத்தட்ட மூணு மடங்கு கூடுதலா உப்புது, மேல இருக்கிற எஸ்இஐங்கற பாதுகாப்புப் படலம் ஒவ்வொரு சைக்கிள்லயும் வெடிக்குது, எஃப்இசி எத்திலீன் கார்பனேட்டுக்கு முன்னாடியே ரெட்யூஸ் ஆகி லித்தியம் ஃப்ளூரைடு நெறைஞ்ச படலம் போட்டு அத ஒட்டவைக்குது. இதுல சிக்கல், எஃப்இசி தீர்ந்துக்கிட்டே வரும், தீர்ந்த அன்னிக்கு கெப்பாசிட்டி சட்டுனு இறங்கிரும். உங்க வாதம் உட்கார வேண்டிய இடம் இந்தத் "தீர்ந்துபோறது"தான், உங்க ஸ்பெசிஃபிகேஷன்ல (அப்ளிகேஷனோட கொடுத்த முழு விளக்கம்) அது இருக்கான்னு பாருங்க.

3(இ) என்ன சொல்லுதுன்னா, சும்மா கலந்து, அதுல இருக்கிற பொருள்களோட குணங்களக் கூட்டி வச்சது மட்டும்தான் பலன்னா அது கண்டுபிடிப்பு கிடையாதுன்னு சொல்லுது. நம்ம ஊர் பெரிய வீட்டுச் சுவத்துப் பூச்சு நெனச்சுக்கங்க, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணி, தனித்தனியா பூசிப்பாருங்க எதுவும் அப்படி வழவழன்னு கண்ணாடி மாதிரி நிக்காது, சேர்ந்தாத்தான் நிக்குது. அந்த மாதிரி சேர்ந்தா மட்டும் வர்ற ஒண்ணு உங்க கலவையில இருக்குன்னு நீங்க காட்டணும். (அந்தப் பூச்சுக்கே பேட்டன்ட் போட்டுறலாமான்னு யாரும் கிளம்பிராதீங்க, பாரம்பரிய அறிவுன்னு 3(p) வந்து உக்காந்துக்கும்.)

அதுக்கு நாலு செல் வேணும், இந்த நாலுல ஒண்ணு கொறஞ்சாலும் வாதம் நொண்டும். எதுவுமே சேர்க்காத பேஸ், பேஸோட எஃப்இசி மட்டும், பேஸோட டிஎஃப்ஓபி மட்டும், ரெண்டும் சேர்ந்தது. நெறைய பேர் முதலையும் கடைசியையும் மட்டும் போட்டுட்டு "பாருங்க எவ்வளவு முன்னேத்தம்"னு கிராஃப் வைக்கிறாங்க, அது எதையும் காட்டாது, ஏன்னா அந்த முன்னேத்தம் முழுக்க எஃப்இசி ஒண்ணாலயே வந்திருக்கலாமே. ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன். பேஸ் செல் 100 சைக்கிள்ல 40 சதவீதம் இழக்குதுன்னு வைங்க, எஃப்இசி மட்டும் போட்டா இழப்பு 22, டிஎஃப்ஓபி மட்டும் போட்டா 34. அப்ப எஃப்இசி காப்பாத்தினது 18, டிஎஃப்ஓபி காப்பாத்தினது 6, ரெண்டையும் கூட்டினா 24, சேர்ந்த செல்லோட இழப்பு 16-க்கு வரணும். உங்க செல் 15-ல நிக்குதுன்னா அது வெறும் கூட்டல், 3(இ)-க்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. 8-ல நிக்குதுன்னா பேசலாம். இந்தக் கூட்டல் கணக்க பதில்ல அப்படியே டேபிளா போடுங்க, எக்ஸாமினரே கூட்டிப் பாத்துக்கட்டும்னு விடாதீங்க, அவருக்கு உங்களது மட்டும் கேஸ் இல்ல.

அந்த நம்பர் நிக்கணும்னா செல் எப்படிக் கட்டினீங்கங்கறதும் முக்கியம். காயின் செல்லுல எலக்ட்ரோலைட்ட தாராளமா ஊத்தினா எஃப்இசி தீரவே தீராது, வித்தியாசமே தெரியாது. அளந்து ஊத்தியிருந்தா எவ்வளவு மைக்ரோலிட்டர்னு ஸ்பெசிஃபிகேஷன்ல இருக்கணும். ஒவ்வொரு கலவைக்கும் ஒத்த செல்ல நம்பாதீங்க, மூணாவது கட்டுங்க, சராசரியும் சிதறலும் கொடுங்க. தண்ணி எத்தனை பிபிஎம்னு கார்ல் ஃபிஷர் டெஸ்ட்ல பார்த்து நாலு கலவைக்கும் எழுதுங்க, ஏன்னா ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் உப்பு ஈரம் பட்டா எச்எஃப் அமிலம் விடும், நாளைக்கு எதிராளி ஒருத்தர் "உன்னோட நல்ல செல்லுல தண்ணி கம்மி, அதனாலதான் நல்லா ஓடுச்சு"ன்னு ஒரே வரியில கவுத்துருவார். அப்புறம் டெம்பரேச்சர். "அறை வெப்பநிலையில சோதிச்சோம்"னு எழுதுறாங்க பாருங்க, காரைக்குடி சித்திரை ரூமும் மார்கழி ரூமும் ஒண்ணா? 25 டிகிரி, 45 டிகிரின்னு சேம்பர் நம்பரப் போடுங்க.

அடுத்து டி1, டி2. எஃப்இஆர்ல எக்ஸாமினர் காட்டியிருக்கிற பாராவ மட்டும் படிச்சிட்டு பதில் எழுத உக்காராதீங்க, முழு டாக்குமெண்ட்டையும் இறக்கிப் படிங்க. எலக்ட்ரோலைட் ஆடிட்டிவ்ல பாதி ஜப்பான், கொரியாவுல இருந்துதான் வரும், எஸ்பாஸ்நெட்லயும் கூகுள் பேட்டன்ட்ஸ்லயும் மெஷின் டிரான்ஸ்லேஷன் கிடைக்குது, அது ஒரு மாதிரி கரடுமுரடாத்தான் இருக்கும் ஆனா டேபிளுக்கு பாஷை தேவையில்ல. நீங்க தேட வேண்டியது அவங்களோட ஒப்பீட்டு உதாரணங்கள். அங்கதான் தங்கம் கெடக்கும். எஃப்இசி அளவக் கூட்டினா சூட்டுல கேஸ் வருது, ரெசிஸ்டன்ஸ் ஏறுதுன்னு டி1-காரங்களே எழுதியிருந்தா, இல்ல டி2-ல போரேட் உப்ப வேற ஃப்ளூரின் கரைப்பானோட சேர்த்து அது மோசமா வந்திருந்தா, அந்த டேபிள் நம்பரோட எடுத்துக் காட்டி "இதப் படிச்ச ஆள் ரெண்டையும் சேர்க்கப் போகமாட்டார், விலகித்தான் போவார்"னு எழுதலாம். அடுத்த கேள்வி, டி1 எந்த செல்லுக்கு எழுதினது? வெறும் கிராஃபைட்டுக்குன்னா அங்க படலம் வெடிக்கிற பிரச்சனையே உங்க அளவுக்கு இல்ல, எஃப்இசி தீர்றத நிறுத்தணும்னு அந்த ஆளுக்கு ஏன் தோணணும்? கூடவே எச்01எம் 10/0567-ங்கற கிளாஸ்ல, எலக்ட்ரோலைட் ஆடிட்டிவுக்குன்னே இருக்கிற கிளாஸ் அது, நீங்களே ஒரு தடவ தேடிருங்க. எக்ஸாமினர் கண்ணுல படாத டாக்குமெண்ட் கிராண்ட்டுக்கு முன்னாடி எதிர்ப்பு போடுற யார் கண்ணுலயாவது படும், பப்ளிஷ் ஆன அப்ளிகேஷனுக்கு எதிரா 25(1)-ல யார் வேணா எதிர்ப்பு போடலாம், போட்டிக் கம்பெனியாத்தான் இருக்கணும்னு இல்ல.

கிளெய்ம்ல, அதாவது உங்களுக்கு மட்டும்னு நீங்க கேக்கிற உரிமை எல்லையில, கை வைக்காம இது முடியாது. நீங்க அனுப்பின காப்பியில முதல் கிளெய்ம் எஃப்இசி 0.1-ல இருந்து 20 சதவீதம், டிஎஃப்ஓபி 0.1-ல இருந்து 10 சதவீதம்னு ஆகாசத்துக்கும் பூமிக்கும் நிக்குது, உதாரணத்துல பார்த்தா எஃப்இசி 5-ம் 8-ம், டிஎஃப்ஓபி 1-ம் 2-ம் மட்டும்தான். டேட்டா இல்லாத எடத்துல வேலி போட்டா அந்த வேலிக்குள்ள டி1, டி2 ரெண்டு பேரும் நடமாடுவாங்க. டேட்டா இருக்கிற எடத்துக்கு சுருக்குங்க, ஆனா சுருக்குற நம்பரும் ஒரிஜினல் டெக்ஸ்ட்ல எங்கயாவது எழுதியிருக்கணும், "5-ல இருந்து 8, இன்னும் சிறப்பா"ன்னு நீங்க ஒரு வரி போட்டிருக்கீங்க, அது போதும். 9-வது கிளெய்ம்ல சிலிக்கான் ஆனோடு வச்ச செல் இருக்கு, அத மேல தூக்கிட்டு வாங்க. "சிலிக்கான் செல்லுக்கான எலக்ட்ரோலைட்"னு எழுதினா அந்த "செல்லுக்கான"ங்கறதுக்கு பெரிய மதிப்பு கிடையாது, அதே திரவம் வேற எங்கயாவது இருந்தா போச்சு, செல்லையே கிளெய்ம் பண்ணினா ஆனோடும் சேர்ந்து எல்லை ஆயிரும். கடைசியில "பயன்படுத்துதல்"னு ஒரு கிளெய்ம் வச்சிருக்கீங்க, அத எடுத்துருங்க, நம்ம நாட்டுல தெரிஞ்ச பொருளோட புது உபயோகம்னு 3(டி)-ல அது நிக்காது.

இப்ப உங்க நெஜக் கேள்வி, புது ரிசல்ட். 59-வது பிரிவு இதுல கறார், ஒரிஜினல்ல இல்லாத எதையும் ஸ்பெசிஃபிகேஷன்ல சேர்க்க முடியாது, கிளெய்மும் பழைய கிளெய்ம் எல்லைய விட்டு வெளிய போக முடியாது. அதனால அந்த கிராஃப்ப உள்ள ஒட்டுறது நடக்காது. ஆனா ஸ்பெசிஃபிகேஷன்ல "ரெண்டும் சேர்ந்தா எஃப்இசி தீர்ற வேகம் குறையுது"ன்னு நீங்க ஏற்கெனவே சொல்லி, அதுக்கு கொஞ்சமாவது டேட்டாவும் வச்சிருந்தா, அத உறுதிப்படுத்துற ஆதாரமா புது ரிசல்ட்ட அஃபிடவிட்டோட தனியா கொடுக்கலாம். ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் பேட்டன்ட் ஆபீஸ் கன்ட்ரோலர் கையில. அன்னிக்கு ஒரு வார்த்தை கூட சொல்லாத விளைவ இன்னிக்கு புதுசா கொண்டு வந்தா அது எடுபடாது. உங்க பக்கம் 14-ல எஃப்இசி மிச்சம் எவ்வளவுன்னு என்எம்ஆர்ல பார்த்த ஒரு பாரா இருக்கு, கெப்பாசிட்டி இழப்புக்கு பேஸ், எஃப்இசி மட்டும், சேர்ந்தது, மூணுக்கும் நம்பர் இருக்கு, டிஎஃப்ஓபி மட்டும் போட்ட செல்ல விட்டுட்டீங்க. அந்த நாலாவது செல்ல இப்பவே கட்டுங்க, அதே ஆனோடு, அதே ஊத்துற அளவு, அதே டெம்பரேச்சர். 100 சைக்கிள் ஓட நாள் எடுக்கும், அதனால இன்னிக்கே ஆரம்பிங்க, பதில் டிராஃப்ட் அப்புறம் எழுதிக்கலாம்.

மூணாவது ஆடிட்டிவ் வேற கதை. அது இந்த அப்ளிகேஷனுக்குள்ள வராது, 54-வது பிரிவுல பேட்டன்ட் ஆஃப் அடிஷன்னு ஒண்ணு இருக்கு, மெயின் கண்டுபிடிப்போட மேம்பாட்டுக்குன்னே இருக்கிறது, அதுல போடுங்க. மெயின் கண்டுபிடிப்பு பப்ளிஷ் ஆகிருச்சுங்கறத மட்டும் காட்டி இன்வென்டிவ் ஸ்டெப் (துறை தெரிஞ்சவருக்கும் சட்டுனு தோணாத அம்சம்) இல்லன்னு அத மறுக்க முடியாது, தனியா ரினியூவல் ஃபீஸும் கிடையாது. புதுசா இருக்கணும்ங்கறது மட்டும் மாறாது. மெயினுக்கு இருக்கிற 20 வருஷத்துல மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் இதுக்கும் ஆயுசு, மெயின் கிராண்ட் ஆகாம இதுவும் கிராண்ட் ஆகாது, அதனால மெயின்ல பதில் ஒழுங்காப் போறது இதுக்கும் சேர்த்துதான்.

போடுறதுக்கு முன்னாடி அந்த மூணாவது ஆடிட்டிவப் பத்தி வாயத் திறக்காதீங்க. நம்ம ஊர்ல இது கொஞ்சம் கஷ்டம்தான், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து 1953-ல திறந்த சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பக்கத்துலயே இருக்கு, பல்கலைக்கழகம் இருக்கு, செமினார், போஸ்டர்னு கூப்பிடுவாங்க, நீங்களும் ஆர்வத்துல போய் காட்டிருவீங்க. 31-வது பிரிவுல, வெளிய காட்டினாலும் 12 மாசத்துக்குள்ள ஃபைல் பண்ணலாம்ங்கற சலுகை இருக்குன்னு யாராவது சொன்னா நம்பிக் களத்துல இறங்காதீங்க, அது கற்றறிந்தோர் சங்கத்துல வாசிச்ச கட்டுரை, அரசு அறிவிச்ச கண்காட்சின்னு ரொம்பக் குறுகின வாசல், உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கோ லிங்க்ட்இன் போஸ்ட்டுக்கோ அது பொருந்தாது. அளவு எடுத்துக் கொடுத்த பையன் பேர கண்டுபிடிப்பாளர்னு போடணுமான்னு பின்குறிப்புல கேட்டிருந்தீங்க, சொன்ன செல்லக் கட்டி சொன்ன டெஸ்ட்ட ஓட்டினது மட்டும்தான்னா வேண்டாம், அந்த மூணாவது ஆடிட்டிவச் சேர்க்கலாம்னு யோசனை சொன்னதே அவர்தான்னா அவர் பேர் இல்லாம புது அப்ளிகேஷன் போடவே கூடாது.

இன்னொண்ணு, வெளிநாட்டுல எங்கயாவது இதே கண்டுபிடிப்புக்கு ஃபைல் பண்ணியிருந்தா ஃபார்ம் 3-ய (வெளிநாட்டு அப்ளிகேஷன் விவரம் சொல்ற ஃபார்ம்) எஃப்இஆர் தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள புதுப்பிச்சுக் கொடுக்கணும், 2024 ரூல் திருத்தத்துக்கு அப்புறம் இப்படித்தான். உங்களுக்கு ரெண்டு மாசம் ஓடிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதனால இத இந்த வாரமே பாத்துருங்க, செல் ஓடிக்கிட்டே இருக்கட்டும்.