"என்னைத் தெரியுதா?"

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு வயது 52. யாங்கோன் தெய்ஞ்சி சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடமாகக் கணக்கு தப்புகிறது. பர்மியச் சரக்கு ஏஜெண்டிடம் தமிழில் பேசிவிட்டு, "ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறான்" என்று கோபப்படுகிறார். முதலில் மனச்சோர்வு என்றார்கள். இப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்து அல்சைமர் என்ற மறதி நோய் என்கிறார்கள். மாமியார் செய்வினை என்கிறார். சொந்தக்காரர்கள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், யாரையும் அவருக்குச் சரியாக அடையாளம் தெரிவதில்லை. பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். கடைச் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிடலாமா?

ஒரு வாசகி, யாங்கோன்

அன்புள்ள சகோதரி,

செய்வினையைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாமியார் மனசுக்காகக் கோவிலுக்குப் போய் வாருங்கள். மாத்திரையை நிறுத்து என்று அங்கே எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டு, பி12 வைட்டமின் ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவை குறைந்தாலும் மறதி வரும், அதற்கு மருந்து உண்டு.

"இந்த வயசிலயா?" என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். 1901இல் பிராங்க்பர்ட்டில் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த அகுஸ்தே டெட்டர் என்ற பெண்மணிக்கு 51 வயதுதான். அந்த அம்மாளைப் பற்றி டாக்டர் எழுதியதால்தான் இந்த நோய்க்கே டாக்டரின் பெயர் வந்தது. டாக்டர் அவரிடம் கேட்ட கேள்விகள் குறிப்பேட்டில் அப்படியே இருக்கின்றன. உங்கள் பெயர் என்ன? கணவர் பெயர் என்ன? இரண்டுக்கும் அந்த அம்மாள் தன் பெயரையே சொன்னார்.

டாக்டர் கேட்கலாம். நோயைக் கண்டுபிடிக்க அவருக்கு அது தேவை. வீட்டுக்கு வருகிற சித்தப்பாவும் ஒன்றுவிட்ட மைத்துனரும் எதற்குக் கேட்கிறார்கள்? "என்னைத் தெரியுதா? யாரு, சொல்லு பார்ப்போம்!" பழச்சீப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே பரீட்சை. உங்கள் கடிதத்தில் சொந்தக்காரர்கள் தினமும் வந்து பார்க்கிறார்கள் என்ற அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பெகுவில் என் அக்காவுக்கு 56 வயதில் இது வந்தது. கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். யாராவது வந்து "தெரியுதா?" என்றால் முந்தானை நுனியை விரலில் சுருட்டிக்கொண்டே சிரிப்பாள். "தெரியாமலா? உட்காருங்க, சாப்பிட்டுப் போங்க" என்பாள். பேர் தெரியவில்லை என்பதை உபசரிப்பில் மறைத்துக்கொள்ள அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தது. ஒருநாள் வந்த உறவுக்காரர் விடவில்லை. "அப்போ பேரைச் சொல்லு" என்று மடக்கினார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் கேட்டது சாயங்காலத்துக்குள் அவளுக்கு மறந்துபோனது. ஆனால் அந்தக் கூச்சம் போகவில்லை. அதற்கப்புறம் வாசல் கேட் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுவாள்.

ஆகவே வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். "அண்ணே, நான் முருகேசன், உங்க எதிர்க்கடை" என்று தானே பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வரட்டும். அது முடியாதவர் வர வேண்டாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பிள்ளைகளும் அப்பாவைச் சோதிக்கக் கூடாது. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நேத்து மொகிங்கா நல்லா இருந்துச்சுல்லப்பா" என்று சொன்னால் அவரும் பேச்சில் சேர்ந்துகொள்வார்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். மாமியார் சொன்னது, டாக்டர் சொன்னது, சொந்தக்காரர்கள் வந்தது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லையே? இந்த நோயின் ஆரம்பத்தில் தனக்கு என்னவோ ஆகிறது என்று பலருக்கும் நன்றாகவே தெரியும். சாவியைப் பற்றி அவரிடம் பேசினீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள் அம்மா. அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், அவர் தலைக்கு மேலே வைத்து அவரைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்கும் வருமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இளவயதில் வருகிறவர்களிலும் பெரும்பாலானோருக்கு இது நேரடியாகப் பரம்பரையாக வருவதில்லை. உங்கள் கணவரின் அப்பா, அத்தை என்று வரிசையாகப் பலருக்கு இதே வயதில் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாவி அவரிடமே இருக்கட்டும். இன்னொன்று வெட்டி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் கையாலேயே கடை திறக்கட்டும், கல்லாவில் நம்பிக்கையான ஆள் ஒருவர் உட்காரட்டும். கடைப் பத்திரம், வங்கிக் கணக்கு, கையெழுத்து சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவருக்குப் புரிகிற இப்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வக்கீலைப் பாருங்கள்.