யார் போட்ட கையெழுத்துக்கு யார் வாங்கிய அடி?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு படிக்கிறான். வாயைத் திறந்தால் பொய். பல் தேய்க்காமலே தேய்த்தேன் என்பான், வீட்டுப்பாடமே இல்லை என்பான். போன மாதம் கணக்கு டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான், 25க்கு 9. அவர் பார்த்தால் அடிப்பார் என்று அவர் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்து, “அப்பாகிட்ட சொல்லாதே” என்றேன். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் அந்தப் பேப்பரைக் காட்டிவிட்டார். கையெழுத்தை இவனே போட்டுவிட்டான் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலால் விளாசிவிட்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு அழுத்தம்! ‘அடியாத மாடு படியாது’ என்கிறார் மாமியார். எனக்கு அடிப்பதில் இஷ்டமில்லை. ஹாஸ்டலில் சேர்த்தால் திருந்துவானா?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: பொய் சொல்லும் பிள்ளையைப் பற்றி மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. பல் தேய்த்த பொய்யும் வீட்டுப்பாடப் பொய்யும் இந்த வயதில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. நீங்கள் போகிற போக்கில் ‘அவ்வளவு அழுத்தம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, என்னை உட்கார வைத்தது அதுதான்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்பது அன்று வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அடி வாங்கிக்கொண்டிருந்தான். இன்னொருவர் அப்போது எங்கே இருந்தார்? கடிதத்தில் அதை எழுதவில்லை நீங்கள். “அம்மாதான் போட்டாங்க” என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லவில்லை. சொல்லாதே என்று நீங்கள் கேட்டுக்கொண்டதை அடிக்கு நடுவிலும் காப்பாற்றினான். உங்களுக்காக வாங்கிய அடிக்கு நீங்கள் வைத்த பெயர் அழுத்தம்!

இன்னொன்று. அந்தப் பேப்பரை அவன் கிழித்துப் போடவில்லை, பையின் அடியில் ஒளிக்கவும் இல்லை. நேராக உங்களிடம் கொண்டுவந்து காட்டினான். இந்தக் கடிதத்தில் யாராவது உண்மையாக நடந்துகொண்ட இடம் அது ஒன்றுதான். அதற்குப் பதிலாக அவன் கண் முன்னாலேயே ஒரு கள்ளக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பொய்யை அவன் எங்கே கற்றான் என்று வெளியே தேட வேண்டியதில்லை.

அடித்தால் பொய் நிற்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவைச் சேர்ந்த விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியலாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் சின்னக் குழந்தைகளை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்று பிரம்பெடுக்கும் பள்ளி, மற்றது அடிக்காத பள்ளி. பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தனியே விட்டுப் போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது, பார்க்கவில்லை என்று அதிகம் சொன்னது பிரம்புப் பள்ளிக் குழந்தைகள்தான். அதுமட்டுமில்லை, மேற்கொண்டு கேள்வி கேட்டபோது மாட்டிக்கொள்ளாமல் பேசுவதிலும் அவர்களே கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். உங்கள் மாமியார் சொல்லும் பழமொழி ஏர் இழுக்கிற மாட்டுக்குச் சொன்னது. மாடு பொய் சொல்லாது.

‘எனக்கு அடிப்பதில் இஷ்டமில்லை’ என்கிறீர்கள். சரி, “இரு, அப்பா வரட்டும்” என்று ஒரு நாளும் சொன்னதில்லையா? இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். சொல்லியிருந்தால், அந்த ஸ்கேலில் உங்கள் கையும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் கலிபோர்னியாவில் மழலைப் பள்ளிக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் கூர்ந்து கவனித்தார். வெறும் கண்டிப்பும் சரி, வெறும் செல்லமும் சரி, பிள்ளைகளுக்கு அவ்வளவாக உதவவில்லை. காரணம் சொல்லிக் கண்டித்து, பாசமும் குறையாத வீட்டுப் பிள்ளைகளே தன் காலில் நிற்கப் பழகினார்கள். உங்கள் வீட்டிலும் கண்டிப்பும் செல்லமும் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்றாக. அதனால் அவன் ஒரே வீட்டில் இரண்டு வீட்டுப் பிள்ளையாக வளர்கிறான்.

கணவன் மனைவிக்குள் ஆயிரம் இருக்கட்டும், அதை ஒளித்துவைக்கும் இடம் பிள்ளை இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்று இரவு அவன் தூங்கிய பிறகு கணவரிடம் சொல்லுங்கள்: “அந்தக் கையெழுத்து என்னுடையது.” அவரும் ஏமாற்றப்பட்டவர்தான், கோபம் வரும், வாங்கிக்கட்டிக்கொள்ளுங்கள். (சொன்னால் உங்களையும் அடிப்பார் என்கிற நிலைமை என்றால் விஷயமே வேறு. முதலில் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்து பேசுங்கள்.) மறுநாள் மகனைக் கூப்பிட்டு, அவர் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளையிடம் பெற்றவள் மன்னிப்புக் கேட்பதா என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும்.

கணவரும் இதைப் படிக்க வேண்டும். ஆசிரியர் மாணவனை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒரு பேப்பரைக் காட்டிய மிஸ் தொடக் கூடாத பிள்ளையை, யார் போட்ட கையெழுத்து என்றுகூட விசாரிக்காமல் அப்பா விளாசலாமா?

அதற்காக அவனை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் முடித்த பிறகுதான் விளையாட்டு, அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சட்டம், முன்கூட்டியே சொன்ன சட்டம். அப்புறம், பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பொய்யை வரவழைக்காதீர்கள். பிரஷ் காய்ந்து கிடப்பது தெரிகிறதல்லவா? “தேய்த்தாயா?” என்று எதற்கு விசாரணை? “பிரஷ் காய்ந்திருக்கு, போய்த் தேய்ச்சுட்டு வா.” முடிந்தது.

ஹாஸ்டல் வேண்டாம். அந்தக் கையெழுத்து விவகாரத்துக்குப் பிறகு அவனை வெளியே அனுப்பினால், ரகசியம் தெரிந்தவனை அப்புறப்படுத்திவிட்டீர்கள் என்றுதான் அவன் நினைப்பான், அதில் தப்பும் இல்லை. இத்தனை எழுதிய நீங்கள் அந்த 16 மார்க் எங்கே போனது என்று ஒரு வரி எழுதவில்லை. வகுத்தலில் தடுமாறுகிறானா, வாய்ப்பாடே வரவில்லையா? இன்று சாயங்காலம் பேப்பரை எடுத்து அவன் பக்கத்தில் உட்காருங்கள்.