சாவி சேராத கைவிலங்கு

கேள்வி: எனக்கு 34 வயது, ஊர் செங்கோட்டை. கணவருக்குப் புனலூரில் வேலை. தனிமையில் அவர் கையால் கொஞ்சம் வலி பட்டால் எனக்குப் பிடிக்கிறது, அவருக்கும் சம்மதம்தான். இது நோயா? கேரள முகவரி போட்ட ஓர் ஆன்லைன் கடையில் 2,400 ரூபாய்க்கு ஸ்டீல் கைவிலங்கும் தோல் வாரும் வாங்கினோம். விலங்கு போட்டபின் தானாக இறுகுகிறது, சாவியும் சேரவில்லை. "இந்த மாதிரிப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். கேஸ் போட அங்கே போகணுமா? வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: அந்தக் கூச்சத்தை நம்பித்தான் கடைக்காரர் அப்படிப் பேசுகிறார்.

நோயில்லை. வளர்ந்தவர்கள் மனம் ஒப்பிச் செய்யும் இந்த வலி விருப்பம், 2022-இல் நடப்புக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இல்லை. பிரானூர் பார்டரில் பெப்பர் சிக்கன் தின்று, கண்ணில் நீர் வடிய வடிய இன்னொரு பிளேட் சொல்கிறவரைப் பார்த்திருப்பீர்களே! வலி பட்டால் உடம்பு எண்டார்ஃபின் என்ற வலி தணிக்கும் பொருளைச் சுரக்கும். அதில் ஒரு சுகம் உண்டு.

இனி விலங்கு. நல்ல ஸ்டீல் விலங்கில், போட்டபின் மேலும் இறுகாதபடி நிறுத்த இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும். உங்களுடையதில் அது இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. இறுகினால் மணிக்கட்டு நரம்பு நசுங்கி, பெருவிரல் பக்கம் மரத்துப்போகும். சிலருக்கு வாரக்கணக்கில் சரியாகாது. என்னைக் கேட்டால் ஸ்டீலே வேண்டாம். அகலமான, உள்ளே மெத்தென்ற, ஒரே இழுப்பில் கழலும் வெல்க்ரோ பட்டை போதும். பக்கத்தில் முனை மழுங்கிய கத்தரிக்கோல் இருக்கட்டும். கட்டப்பட்டவரைத் தனியே விட்டு அடுத்த அறைக்குக்கூடப் போகக்கூடாது. வார் பிருஷ்டத்திலும் தொடையின் சதையிலும் படலாம். கழுத்து, முதுகெலும்பு, சிறுநீரகம் இருக்கும் இடுப்புப் பக்கம், மூட்டு வேண்டவே வேண்டாம். "சிவப்பு" என்றால் அந்த நொடியே நிறுத்தணும் என்று முன்பே பேசிவையுங்கள். வாய் மூடியிருந்தால் கையில் சாவிக்கொத்து. கீழே விழுந்தால் அதுதான் "சிவப்பு". குடித்திருக்கும் அன்று இது வேண்டாம். சம்மதம் போன பிறகு விழுவது வெறும் அடி, அது குற்றம்.

பணத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. கடையின் குறைதீர் அலுவலருக்கு பில், போட்டோவோடு எழுதுங்கள்; 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தரணும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கேரள எல்லையில் ஆரியங்காவு தாண்ட வேண்டாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. மனுவில் "கைவிலங்கு, பூட்டு பழுது" என்று எழுதினால் போதும். எதற்கு வாங்கினீர்கள் என்பது கடைக்காரர் கவலையில்லை.

அதுவரை அந்த விலங்கை யாரும் மாட்டிப் பார்க்க வேண்டாம். வந்த பெட்டியோடு அப்படியே எடுத்து வையுங்கள், அதுதான் சாட்சி.